இரண்டு மைக், ஒரு உறுமி: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மலேசியாவின் புக்கிட் செந்தோசாவில் சனி, ஞாயிறு மாலைகளில் எந்தத் தெருவில் நின்றாலும் ஏதோ ஒரு பக்கமிருந்து மைக் சத்தம் கேட்கும். கோயில் திருவிழா, பிறந்தநாள், பாலாய் ராயா எனும் சமூக மண்டபத்தில் கூட்டம், பள்ளித் திடலில் விளையாட்டுப் போட்டி. தொண்ணூறுகளில் எழுந்த இந்த நகருக்குச் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்கள் பல. திருவிழாவும் உறுமியும் அவர்களோடு வந்தன. வாடகை ஆம்ப்ளிஃபையரும் அதோடு இரண்டு மைக்கும் இங்கே வந்த பிறகு சேர்ந்துகொண்டவை.

வம்பு அந்த இரண்டாவது மைக்கில்தான். ஒன்று மட்டும் திறந்திருக்கும்வரை குரல் கணீரென்று இருக்கும். மற்றதையும் திறந்ததும் அடிநாதம் காணாமல் போகும், பேச்சு குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும், கொஞ்சம் ஏற்றினால் ‘கூய்’ என்று கத்தும். உடனே கமிட்டியில் ஒருவர், “அண்ணே, இன்னும் ரெண்டு பெட்டி எடுத்துருவோம்” என்பார். ஒலிபெருக்கிப் பெட்டி நான்கானாலும் எட்டானாலும் அந்தக் கோளாறு பெரிதாகித்தான் கேட்கும். இரண்டு மைக்கையும் ஒன்றோடொன்று சமன்செய்யாமல் விட்டதன் விளைவு அது. சமன்செய்ய அரைமணி நேரம் போதும், வாடகையும் கிடையாது.

செய்ய வேண்டியவை

இரண்டு மைக்கும் சமமாகப் பிறக்கவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். ஒரே காற்றழுத்தத்துக்கு ஒவ்வொரு மைக்கும் வெவ்வேறு அளவு மின்னழுத்தம் தரும். மேடைகளில் அதிகம் காணப்படும் ஷூர் எஸ்எம்58 டைனமிக் மைக், ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்கு, அதாவது 94 டெசிபெல் சத்தத்துக்கு, ஏறத்தாழ 1.85 மில்லிவோல்ட் தருகிறது. கண்டென்சர் மைக் அதே சத்தத்துக்கு அதைப்போலப் பல மடங்கு தரும். இரண்டையும் ஒரே ஆம்ப்ளிஃபையரில் செருகி, இரண்டு குமிழையும் நடுவில் வைத்துவிட்டுச் ‘சமமாக வைத்துவிட்டேன்’ என்றால், கண்ணுக்குச் சமம், காதுக்கு இல்லை. ஒரே அட்டையில் வரும் இரண்டு எலெக்ட்ரெட் காப்ஸ்யூல்கள்கூடச் சில டெசிபெல் வேறுபடுவது சாதாரணம்.

ஒரு மைக்கை அடிப்படையாக வையுங்கள். அதன் கெயினைத் தொடாதீர்கள். மற்றதைத்தான் அதற்கு இணையாகக் கொண்டுவர வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றித் திருகுகிறவர் இரவு முழுக்கத் திருகிக்கொண்டே இருப்பார்.

இணையாக்குவதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். கழித்தல் முறை ஒன்று இருக்கிறது, இதைச் செய்யும் ஆளை ஊரில் அதிகம் பார்க்க முடிவதில்லை. இரண்டு மைக்கின் தலைகளையும் ஒட்டினாற்போல் சேர்த்துக் கட்டுங்கள். சுவரிலிருந்து விலகி, ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு சின்ன ஒலிபெருக்கியை வைத்து, கைப்பேசியிலிருந்து பிங்க் நாய்ஸ் எனப்படும் ‘ஷ்ஷ்’ இரைச்சலை ஓடவிடுங்கள். இரண்டாவது மைக்கின் முனைவை, அதாவது போலாரிட்டியை, மாற்றுங்கள். மிக்சரில் அதற்குப் பொத்தான் இருந்தால் அழுத்தலாம், இல்லையென்றால் மூன்று முனைச் செருகியில் 2, 3 ஆம் கம்பிகளை இடம் மாற்றிச் சால்டர் செய்த ஒரு குட்டிக் கேபிளைச் சொருகலாம். இப்போது இரண்டு மைக்கும் ஒன்றிலிருந்து ஒன்று கழிகின்றன. மேடைப் பெட்டிகளை அணைத்துவிட்டு, ஹெட்போனில் கேட்டபடி, இரண்டாவது மைக்கின் கெயினை மட்டும் மெதுவாகத் திருகுங்கள். ஓர் இடத்தில் இரைச்சல் சட்டென்று மெலிந்து, ஊசிபோல் உச்ச ஒலி மட்டும் மிஞ்சும். அதுதான் சமநிலை. அங்கே நிறுத்தி, முனைவைப் பழையபடி ஆக்கினால் முடிந்தது.

இந்த முறையின் அழகு, பிழையை அது பெரிதாக்கிக் காட்டுவது. இரண்டு மைக்குக்கும் 1 டெசிபெல் வித்தியாசம் இருந்தால் கழித்த பின் சத்தம் ஏறத்தாழ 19 டெசிபெல்தான் குறையும். 0.1 டெசிபெல்லுக்குள் கொண்டுவந்தால் கணக்கின்படி 39 டெசிபெல் வரை இறங்கும். திடலில் அவ்வளவு கிடைக்காது. இரண்டு மைக் தலைகளும் ஒரே புள்ளியில் இருக்க முடியாது என்பதால் உச்ச ஒலிகள் கொஞ்சம் தப்பிவிடும். ஆனாலும் நேரடியாகக் கேட்டு 1 டெசிபெல் வித்தியாசத்தைப் பிடிக்கத் திணறும் காது, கழித்துக் கேட்கும்போது அதைவிடச் சிறியதையும் பிடித்துவிடும்.

எதிர்பாராத ஒன்றும் நடக்கலாம். முனைவை மாற்றியதும் இரைச்சல் குறைவதற்குப் பதில் கூடினால், உங்கள் கேபிள்களில் ஒன்று ஏற்கெனவே தலைகீழாகச் சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. வாடகைக்கு வரும் பழைய கேபிள்களில் இது நடக்கக்கூடியதுதான். அந்தக் கேபிளை அங்கேயே ஒதுக்கி, சிவப்பு டேப் சுற்றிவையுங்கள். இத்தனை நாள் குரலைத் தின்றுகொண்டிருந்தது அதுவாக இருக்கலாம்.

இனி உறுமி. மலேசிய உறுமி மேளத்தின் மையமான இந்தத் தோல் கருவிக்கு இரண்டு முகம், நடுவில் ஒடுங்கிய இடுப்பு. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், அதிலிருந்துதான் அந்த முனகல் எழுகிறது. மறுமுகத்தை அடிப்பார்கள். ஆகவே இரண்டு முகத்துக்கும் தலா ஒரு மைக் வைக்க ஆசை வரும். வையுங்கள், ஆனால் வைத்ததும் ஒன்றின் முனைவை மாற்றிக் கேட்டுப் பாருங்கள்.

காரணம் இது. அடிக்கும்போது அந்த முகத்துத் தோல் உள்ளே போகிறது, தன் எதிரே உள்ள மைக்கிலிருந்து விலகுகிறது. உள்ளே அடைபட்ட காற்று மறுமுகத்துத் தோலை வெளியே தள்ளுகிறது, அது தன் மைக்கை நோக்கி வருகிறது. ஆக ஒரே அடிக்கு ஒரு மைக் ‘இழு’ என்கிறது, மற்றது ‘தள்ளு’ என்கிறது. இரண்டையும் ஒரே பெட்டியில் கூட்டினால் அடிநாதம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிஞ்சுவது குச்சியின் ‘டக் டக்’ மட்டும். ‘மைக் வச்சதும் உறுமி செத்துப்போச்சு’ என்று கலைஞர்கள் அலுத்துக்கொள்வது இதனால்தான். தவிலிலும் இதே கதை. வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என்று மைக் வைத்தால், தொப்பிப் பக்க மைக்கின் முனைவை மாற்றியும் மாற்றாமலும் கேட்டு, எது கனமாக ஒலிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இதற்குச் சூத்திரம் இல்லை. தோலின் இழுவை, மைக்கின் தூரம் எல்லாம் சேர்ந்து முடிவு செய்வது, காதுதான் நீதிபதி. மைக்குகள் முன்பே சமன்செய்யப்படாமல் இருந்தால் அந்த நீதிபதிக்கும் ஒன்றும் புரியாது.

ஆடிக்கொண்டே வாசிக்கிறவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு மேலே ஒரே ஒரு மைக் போதும். ஊர்வல உறுமிக்கு, என்னைக் கேட்டால், மைக்கே வேண்டாம்.

ஒன்றுக்கு மூன்று கணக்கை நினைவில் வையுங்கள். வாயிலிருந்து மைக் 20 சென்டிமீட்டர் என்றால், அடுத்தவரின் மைக் குறைந்தது 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். அப்போது ஒருவர் குரல் மற்றவர் மைக்கில் 9 டெசிபெல்லுக்கும் மேல் தணிந்துதான் விழும், தொந்தரவு அடங்கிவிடும்.

பேசாத மைக்கை மூடுங்கள். திறந்திருக்கும் மைக் ஒன்றிலிருந்து இரண்டாகும்போது, கத்தாமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபெல் குறைகிறது. அறிவிப்பாளர் தன் மைக்கைத் திறந்தபடியே மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், ஆம்ப்ளிஃபையரின் பாதி வலிமையைத் தன்னோடு எடுத்துப் போகிறார் என்று பொருள்.

சமன்செய்த பிறகே மொத்த அளவை வையுங்கள். அதுவும் ‘ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ’ சொல்லி வைத்த அளவு வேலைக்காகாது. கலைஞர் தன் உச்ச வேகத்தில் வாசிக்கும்போது, சிவப்பு விளக்குக்குக் கீழே ஒரு 12 டெசிபெல் இடம் மிச்சமிருக்கும்படி வையுங்கள். சாமி வரும் நேரத்தில் எல்லோரும் சோதனையில் வாசித்ததைவிட ஓங்கித்தான் வாசிப்பார்கள்.

சொந்தமாகக் கட்டுபவர்களுக்கு

கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் உதிரிப்பாகம் வாங்கி, இரண்டு எலெக்ட்ரெட் காப்ஸ்யூலும் ஒரு ஓப்-ஆம்பும் வைத்து இருமைக் ஆம்ப்ளிஃபையர் கட்டிப் பார்க்கும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் இப்போதும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாகச் சில சொல்.

ரெசிஸ்டரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். ஓப்-ஆம்பின் கெயினை முடிவு செய்வது இரண்டு ரெசிஸ்டர்களின் விகிதம். 5 விழுக்காட்டுப் பிழை உள்ளவற்றைப் போட்டால், அதிர்ஷ்டம் மிக மோசமாக இருக்கும் நாளில் இரண்டு சேனலுக்கும் 1.7 டெசிபெல் வரை இடைவெளி வரும். 1 விழுக்காட்டு ரெசிஸ்டரில் அதே மோசமான நாள் 0.35 டெசிபெல்லோடு முடிந்துவிடும். விலை வித்தியாசம் சில காசு.

இரண்டு சேனலுக்கும் ஒரே சில்லின் இரண்டு பாதிகளைப் பயன்படுத்துங்கள். என்இ5532, டிஎல்072 இரண்டிலும் ஒவ்வொரு சில்லுக்குள்ளும் இரண்டு ஓப்-ஆம்ப் உண்டு. ஒரு பக்கம் கையில் கிடந்த எல்எம்358, மறுபக்கம் புதிய என்இ5532 என்று கலந்தால் ஆபத்து. எல்எம்358-இன் கெயின்-பேண்ட்வித் பெருக்கம் ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ். கெயின் 100 வைத்தால் அது 10 கிலோஹெர்ட்ஸிலேயே தளர ஆரம்பிக்கும். மற்றது இன்னும் மேலே ஓடிக்கொண்டிருக்கும். கெயின் ட்ரிம்மரை எவ்வளவு திருகினாலும் இந்த வித்தியாசம் சரியாகாது.

உள்ளீட்டுக் கெப்பாசிட்டரைப் பெரிதாகப் போடுங்கள். 100 நானோஃபாரட்டும் 10 கிலோஓமும் சேர்ந்தால் வெட்டு எல்லை 159 ஹெர்ட்ஸில் விழும். ஆண் குரலின் அடிநாதம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. கெப்பாசிட்டர்கள் 20 விழுக்காடு வரை பிழையோடு வரக்கூடியவை என்பதால் இரண்டு சேனலும் அங்கே வெவ்வேறு கட்டத்தில் நகரும், கழித்தல் சோதனையில் அடிநாதம் மட்டும் போகாமல் அடம்பிடிக்கும். 1 மைக்ரோஃபாரட் போட்டால் எல்லை 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், பிழை இருந்தாலும் குரலைத் தொடாது.

சமன்செய்வதற்குப் பலசுற்று ட்ரிம்மர் வையுங்கள், வெளியே தெரியும் வால்யூம் குமிழை அதற்குப் பயன்படுத்தாதீர்கள். சமன் வந்ததும் ட்ரிம்மர் திருகுமேல் ஒரு சொட்டு நகப்பூச்சு. லாரியில் குலுங்கினாலும் நகராது, யாராவது திருகியிருந்தால் விரிசல் காட்டிக்கொடுக்கும்.

விலை குறைந்த மல்டிமீட்டரின் ஏசி அளவை நம்பிச் சமன்செய்யாதீர்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை அளக்கச் செய்த கருவி அது. சில கிலோஹெர்ட்ஸில் என்ன காட்டும் என்பது அதற்கே தெரியாது.

இருமைக் சுற்றை எதற்காகக் கட்டுகிறோம் என்று கேட்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு நல்ல கதை உண்டு. 1974 மார்ச் 23 அன்று கலிஃபோர்னியாவின் கவ் பேலஸ் அரங்கில் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு ‘ஒலிச்சுவர்’ என்று பெயர் பெற்ற மாபெரும் பெட்டி அடுக்கை மேடையேற்றியது. பெட்டிகள் பாடகர்களுக்குப் பின்னாலேயே நின்றன. சாதாரண மைக் என்றால் அந்த இடத்தில் கத்தித் தீர்த்துவிடும். அவர்கள் ஒவ்வொரு பாடகருக்கும் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு மைக்கை எதிரெதிர் முனைவில் இணைத்தார்கள். பாடகர் மேல் மைக்கில் மட்டும் உதட்டை ஒட்டிப் பாடினார். பின்னாலிருந்து வரும் பேரொலி இரண்டிலும் ஏறத்தாழ சமமாக விழுந்து கழிந்துபோனது, குரல் மட்டும் நின்றது. இரண்டு மைக்கும் சமமாக இல்லாவிட்டால் இந்த வித்தை பலிக்காது. உதடு விலகினாலும் குரல் சேர்ந்தே கழிந்து மெலியும். இன்றைய கைப்பேசிகள் இரண்டாவது மைக்கை வைத்துச் சந்தை இரைச்சலைக் குறைப்பதும் இந்த யோசனையின் வழித்தோன்றல்தான், அங்கே ட்ரிம்மரின் வேலையைக் கணினி செய்கிறது. உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் நின்று அறிவிப்புச் செய்பவருக்கு இப்படி ஒரு மைக் கட்டிக் கொடுத்துப் பாருங்கள். மழை தகரக் கூரையில் கொட்டும்போதும் சோதிக்கலாம்.

செய்யக்கூடாதவை

‘ஊம்’ என்ற இரைச்சலைப் போக்க எர்த் கம்பியை வெட்டாதீர்கள். மூன்று பின் செருகியின் எர்த்தைக் கழற்றினால் இரைச்சல் போவது உண்மைதான். மிக்சரை ஒரு சாக்கெட்டிலும் ஆம்ப்ளிஃபையரைத் தூரத்து இன்னொரு சாக்கெட்டிலும் சொருகும்போது, இரண்டு எர்த்துக்கும் இடையே உள்ள சிறு மின்னழுத்தம் இரண்டு கருவிகளையும் இணைக்கும் கேபிளின் உறை வழியாக ஓடி 50 ஹெர்ட்ஸ் இரைச்சலாகிறது. ஆனால் எர்த் இல்லாத ஆம்ப்ளிஃபையருக்குள் ஒரு கம்பி உரசினால், மைக்கின் உலோகத் தலைவரை மின்சாரம் வந்து நிற்கும். பிடித்திருப்பவர் யார்? ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் பக்தர். மஞ்சள்நீர் ஊற்றிய கோயில் வாசலில், தீமிதிக் குழியின் பால்கிடங்கு ஓரத்தில், மழை விட்ட திடலில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். எல்லாக் கருவிகளையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் சொருகுங்கள், பாதி இரைச்சல் அதிலேயே போகும். மிச்சத்துக்கு மிக்சருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே ஒலித் தனிப்பு டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். நிகழ்ச்சிக்கு முன், மின்கசிவின்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. சோதனைப் பொத்தானை அழுத்தி, அது உண்மையிலேயே விழுகிறதா என்று பாருங்கள். ஜெனரேட்டர் வைத்தால் எர்த் கம்பியைத் தரையில் இறக்கத் தெரிந்த ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். இந்த ஒன்றில் மட்டும் சமரசமே கிடையாது.

இடி கேட்டதும் திடலில் தொடராதீர்கள். உலகில் அதிக மின்னல் விழும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. மாலை மூன்று மணிக்கு மேல் பக்கத்து ஊரான ரவாங் பக்கம் வானம் கறுத்தால், செருகியைப் பிடுங்கிவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள்.

கண்டென்சர் மைக்குக்காக 48 வோல்ட் ஃபேண்டம் பொத்தானை அழுத்தும் முன் மற்ற மைக் எது என்று பார்க்காமல் இருக்காதீர்கள். சிறிய மிக்சர்களில் அந்தப் பொத்தான் எல்லா மைக்குக்கும் சேர்த்தே போகும். சரியாகச் சால்டர் செய்த மூன்று முனைக் கேபிளில் இருக்கும் டைனமிக் மைக்குக்கு ஒன்றும் ஆகாது. வீட்டில் கட்டிய எலெக்ட்ரெட்டும், கம்பி தவறாகக் கட்டிய கேபிளில் இருக்கும் மைக்கும் பாழாகலாம். பெட்டிகள் திறந்திருக்கும்போது ஃபேண்டத்தோடு மைக்கைச் செருகுவதும் பிடுங்குவதும் கூடவே கூடாது.

பிரமுகர் முன்னால் இரண்டு மைக்கை அருகருகே வைத்து இரண்டையும் திறக்காதீர்கள். மேடைக்கு மரியாதைதான். ஆனால் தலை ஒரு பக்கம் திரும்பியதும், ஒரு மைக்குக்கும் மறு மைக்குக்கும் 17 சென்டிமீட்டர் தூர வித்தியாசம் வந்தால், நம் ஊர் வெப்பத்தில் ஒலி அதைக் கடக்க அரை மில்லிநொடி ஆகும். அப்போது 1 கிலோஹெர்ட்ஸ் சுற்றிலும், பிறகு 3, 5 கிலோஹெர்ட்ஸிலும் குரலில் பள்ளம் விழும். பேச்சின் தெளிவு இருக்கும் இடமே அதுதான். இரண்டாவது மைக் காத்திருப்புக்காகவே என்றால் அங்கேயே நிற்கட்டும், மூடியபடி.

ஒரே குரலுக்கு ஒரு கம்பி மைக்கும் ஒரு டிஜிட்டல் கம்பியில்லா மைக்கும் சேர்க்காதீர்கள். டிஜிட்டல் மைக் குரலைச் சில மில்லிநொடி தாமதித்துத்தான் தரும். கழித்தல் முறையில் இதைச் சமன்செய்யவும் முடியாது. நேரமே வேறு.

சமன்செய்யாத குறையை ஈக்வலைசரில் மூடாதீர்கள். இரண்டு மைக் மோதி விழும் பள்ளத்தை ஈக்வலைசரில் நிரப்பினால், ஆள் ஓர் அங்குலம் நகர்ந்ததும் பள்ளம் வேறு இடத்துக்குப் போய், நீங்கள் ஏற்றிய இடம் கத்தும்.

மைக் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கவிடாதீர்கள். பின்பக்கத் துளைகள் அடைபட்டால், பின்னாலிருந்து வரும் சத்தத்தைத் தள்ளும் குணம் போய்விடும். ராப் பாடும் தம்பிகள் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

ஊதிச் சோதிக்காதீர்கள், தட்டிச் சோதிக்காதீர்கள்.

மைக்கை ஈரத்தோடு பெட்டியில் பூட்டாதீர்கள். நம் காற்றின் ஈரம் எலெக்ட்ரெட்டின் எதிரி. சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டுவையுங்கள், நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

சமன்செய்த ஜோடியைப் பிரித்து வாடகைக்குக் கொடுக்காதீர்கள். பக்கத்துக் கோயிலில் கேட்டார்கள் என்று ஒன்றைக் கொடுத்து, திரும்பி வரும்போது அதே மாதிரி வேறொன்று வந்தால், வெளியே தெரியாது. மைக்கின் கீழே ‘1’, ‘2’ என்று பெயின்ட்டில் எழுதுங்கள், கேபிளிலும் மிக்சர் சேனலிலும் அதே எண். ஒன்றில் காப்ஸ்யூல் மாற்றியிருந்தாலோ, கேபிள் சால்டர் விட்டுச் சரிசெய்திருந்தாலோ, ஒன்று கீழே விழுந்திருந்தாலோ, அடுத்த நிகழ்ச்சிக்கு முந்தின நாளே இரண்டையும் சேர்த்துக் கட்டி, ‘ஷ்ஷ்’ இரைச்சலை மறுபடி ஓடவிடுங்கள்.